கோல்சக் ஏரியின் மதகு: ஆல்பைன் லேக்ஸ் கானகத்துக்குள் அணை இருக்கலாமா?

ஏரிக்கரையான்
பதிவு 1

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசி வாரத்தில், வாஷிங்டன் மாநிலத்தின் ஆல்பைன் லேக்ஸ் கானகக் காப்பகத்தில் உள்ள கோல்சக் ஏரிக்கு நடந்து சென்று வந்தேன். பெல்வியூவில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகியும், ஸ்னோக்குவால்மி கணவாய்க்கு அருகிலுள்ள ஸ்னோ ஏரியைத் தாண்டி நான் போனதில்லை. லெவன்வொர்த் ஊருக்குப் பின்னால் ஐசிக்கிள் ஓடையின் பள்ளத்தாக்கில் வண்டியை நிறுத்திவிட்டு விடியலில் நடக்கத் தொடங்கினால், ஏறத்தாழ 4 மைல் ஏற்றத்துக்குப் பிறகு மரங்கள் விலகுகின்றன. சுமார் 5,600 அடி உயரத்தில், டிராகன்டெயில் சிகரத்தின் கற்சுவருக்கு நேர் கீழே, பச்சையும் நீலமும் கலந்த அந்த நீர் கண்ணில் படுகிறது. அங்கே சிறிது நேரம் எவரும் பேசவில்லை. என் ஒன்பது வயது மகள் மட்டும், "அப்பா, இதில் யார் பால் ஊற்றினார்கள்?" என்று கேட்டாள்.

நான் எழுத வந்தது அந்த அழகைப் பற்றி அன்று. ஏரியின் கரை முழுவதும் நீர் இறங்கியதால் வெளுத்த பாறைப் பட்டை ஒன்று, குளித்து முடித்த தொட்டியின் ஓரத்தில் படியும் கறையைப் போல, சுற்றிலும் தெரிந்தது. வடகரையில் நீர் வெளியேறும் வாயிலுக்குப் போய்ப் பார்த்தபோது, கற்களை அடுக்கிக் கட்டிய ஒரு சிறு அணையும் மதகும் இருந்தன. மிதிவண்டி ஓட்டவும் மின்ரம்பம் பயன்படுத்தவும்கூட அனுமதியில்லாத, மனிதக் கை படாதது என்று நாமெல்லாம் சொல்லிக்கொள்ளும் கானகத்துக்குள் அணை எப்படி வந்தது? அதை அகற்ற வேண்டாமா? உண்மையிலேயே மனம் நொந்துபோய்க் கேட்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கடைமடையான்
பதிவு 2

நண்பர் ஏரிக்கரையான் அவர்களுக்கு வணக்கம். நான் லெவன்வொர்த்துக்குக் கீழே உள்ள கேஷ்மியரில் வசிப்பவன். நீங்கள் பார்த்த அந்த மதகிலிருந்து வரும் நீர் ஓடும் வாய்க்கால் என் வீட்டுக்கு அருகில்தான் போகிறது. ஆகவே இதில் எனக்குச் சார்பு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த அணை கானகக் காப்பகத்தைவிட மூத்தது. இந்தப் பள்ளத்தாக்கின் பேரிக்காய்த் தோட்டங்களுக்கு நீர் தரும் ஐசிக்கிள், பெஷாஸ்டின் பாசன மாவட்டங்கள் என்ற உள்ளூர் நீர் அமைப்புகள், 1920களிலேயே கோல்சக், எய்ட்மைல், க்ளோனாக்குவா, ஸ்குவேர் ஆகிய மலையேரிகளில் நீரைத் தேக்கி வைக்கும் உரிமையைப் பெற்றுவிட்டன. ஆல்பைன் லேக்ஸ் காப்பகத்துக்கான சட்டம் 1976 ஜூலையில்தான் கையெழுத்தானது. ஏற்கெனவே இருந்த உரிமைகளைப் பறிக்காமல் காப்பகத்தை அமைப்பது என்பது அன்றைய உடன்பாட்டின் ஒரு பகுதி. இது மறைமுகமாக நடந்ததன்று. அனைவரும் அறிந்தே ஏற்றுக்கொண்டது.

ஏன் மலையுச்சியில் போய்த் தேக்க வேண்டும் என்று கேட்பீர்கள். மே, ஜூன் மாதங்களில் பனி உருகும்போது ஐசிக்கிள் ஓடையில் கால் வைக்க முடியாத அளவுக்கு வெள்ளம் புரளும். ஆகஸ்ட் பிறந்ததும் பனி தீர்ந்துவிடுகிறது, மழையும் இல்லை, ஓடை சுருங்கிப் பாறைகளுக்கிடையே நூலாகிறது. பேரிக்காய் பருத்து வருவதும் அறுவடைக்கு வருவதும் அதே வாரங்களில்தான். ஆகவே பாசன மாவட்டத்தின் ஆட்கள் கோடையின் பிற்பகுதியில் மேலே ஏறிச் சென்று மதகைத் திறக்கிறார்கள். நீங்கள் பார்த்த வெளுத்த பட்டை, அந்த ஆண்டின் பேரிக்காய்க்குள் போய்விட்ட நீரின் அளவு.

நான் காவிரியின் கடைமடையில் பிறந்தவன். மேலே மதகு எப்போது திறக்கும் என்று அப்பா நாள் எண்ணிக் காத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தேன். எனவே மதகு என்றாலே அழிவு என்று என்னால் எண்ண முடியவில்லை.

பனிமலர்
பதிவு 3

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் முழு விவாதமும் அதன்மேல்தான் நிற்கிறது. ஏரிக்கரையான் அவர்கள் "மனிதக் கை படாதது" என்று எழுதியிருக்கிறார். 1964ஆம் ஆண்டின் கானகச் சட்டத்தில் அப்படியொரு வரையறை இல்லை. அச்சட்டத்தின் வரைவை எழுதிய ஹோவர்ட் ஸானைசர் தேர்ந்தெடுத்த சொல் "அன்ட்ராமல்ட்" என்பது. அதில் உள்ள "ட்ராமல்" என்பது மீன்வலையையும், குதிரையின் கால்களைப் பிணைக்கும் தளையையும் குறித்த பழைய சொல். ஆகவே சட்டம் கேட்பது தொடப்படாத நிலத்தை அன்று, தளையிடப்படாத நிலத்தை. வேறு எளிய சொல்லைப் போடும்படி நண்பர்கள் வற்புறுத்தியும் அவர் மாற்றவில்லை. குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்ட அந்தச் செப்டம்பரைக் காண அவர் உயிரோடு இல்லை. நான்கு மாதங்களுக்கு முன்பே, மே மாதத்தில், இறந்துவிட்டார்.

"கன்னிக்காடு" என்று நாம் எழுதும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. "தளையறு கானகம்" என்பது பொருளுக்கு மிக நெருக்கமாக வருகிறது. ஓர் அணை, அந்தப் பொருளில், தளைதான். அதை நான் மறுக்கவில்லை.

நெடுவழி
பதிவு 4

பனிமலர் அவர்கள் சொன்னதோடு சேர்த்து, இந்தக் காப்பகம் எப்படித் துண்டு துண்டாக ஒட்ட வைக்கப்பட்டது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. நான் இங்கே 11 ஆண்டுகளாகப் பாதை பராமரிக்கும் தன்னார்வலனாக இருக்கிறேன். ஸ்னோக்குவால்மி கணவாயிலிருந்து ஸ்டீவன்ஸ் கணவாய் வரை, பசிபிக் முகட்டுப் பாதையில் ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவையும் பல முறை நடந்திருக்கிறேன்.

1864ஆம் ஆண்டில், நார்தர்ன் பசிபிக் இரயில்பாதை நிறுவனத்துக்கு, பாதை அமைப்பதற்கு ஈடாக, அதன் இருபுறமும் ஒரு சதுர மைல் கட்டங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாக நிலம் வழங்கப்பட்டது. வரைபடத்தில் அது சதுரங்கப் பலகையைப் போலவே இருக்கும்: ஒரு கட்டம் வனத்துறைக்கு, அடுத்த கட்டம் இரயில் நிறுவனத்துக்கு. மலை முகட்டையோ ஏரியையோ ஓடையையோ அந்தக் கோடுகள் பொருட்படுத்தவில்லை. ஒரே ஏரியின் பாதி ஒருவருக்கும் மறுபாதி இன்னொருவருக்கும் போயின. பின்னாளில் அந்தக் கட்டங்கள் மரநிறுவனங்களின் கைக்கு வந்தபோது, முழுக் கட்டமும் மொட்டையாக வெட்டப்பட்டது. பக்கத்துக் கட்டத்தில் ஐந்நூறு வயது மரங்கள் நின்றன. முகட்டிலிருந்து தெற்கே பார்த்தால் அந்தச் சதுரங்கள் இன்றும் காட்டின்மேல் தெரியும். பனிக்காலத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனெனில் வெட்டிய கட்டங்கள் வெள்ளையாகவும் வெட்டாதவை கறுப்பாகவும் இருக்கும்.

1968இல் தொடங்கிய ஆல்பைன் லேக்ஸ் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் எட்டு ஆண்டுகள் போராடியது வெறும் எல்லைக்கோட்டுக்காக அன்று. இந்தக் கட்டங்களை வாங்கியும் மாற்றியும் ஒன்றாக்கும் ஏற்பாட்டுக்காகவும்தான். கடைசிக் கட்டத்தில் மசோதாவை நிராகரிக்கும்படி வனத்துறைத் தரப்பிலிருந்தே பரிந்துரை சென்றிருந்தது. மாநில ஆளுநராக இருந்த டான் எவன்ஸ் குடியரசுத் தலைவர் ஃபோர்டை நேரில் சந்தித்து, இந்த ஏரிகளின் நிழற்படங்கள் அடங்கிய பெரிய புத்தகம் ஒன்றை அவர் முன் விரித்தார். பக்கங்களைப் புரட்டிப் பார்த்த ஃபோர்டு, பிறகு கையெழுத்திட்டார். எவன்ஸ் தாமே மலையேறுபவர்; இந்த நிலத்தில் நடந்து அறிந்தவர். 2024இல் அவர் மறைந்தபோது, எங்கள் குழுவினர் அன்றைய வேலையைச் சிறிது நேரம் நிறுத்தி நின்றோம்.

1976இல் ஏறத்தாழ 3.9 லட்சம் ஏக்கர். 2014 டிசம்பரில் பிராட் ஆற்றுப் பள்ளத்தாக்கு உள்ளிட்ட சுமார் 22,000 ஏக்கர் சேர்ந்தது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளும் குட்டைகளும் இதற்குள் இருக்கின்றன.

ஏரிக்கரையான்
பதிவு 5

மூவருக்கும் நன்றி. நெடுவழி அவர்களிடம் ஒரு கேள்வி: மின்ரம்பம் கூடாது என்றால், பாதையில் விழுந்த மரத்தை எப்படி அகற்றுகிறீர்கள்? கோல்சக் பாதையில் ஓரிடத்தில், என் இடுப்புயர மரம் ஒன்றைப் பாதையின் அகலத்துக்கு மட்டும் அறுத்திருந்தார்கள்; வெட்டுமுகம் மெருகு போட்டதைப் போல இருந்தது.

நெடுவழி
பதிவு 6

அது இருவர் இழுக்கும் நீள ரம்பத்தால் அறுத்தது. ரம்பம் ஆறடிக்கு மேல் நீளம். இரு முனையிலும் மரக் கைப்பிடி. நல்லவை எல்லாம் எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்பு செய்தவை. அந்த எஃகு இப்போது எளிதில் கிடைப்பதில்லை, ஆகவே பிள்ளையைப் போல எண்ணெயிட்டுச் சுற்றி வைத்திருப்போம். இதில் முதல் பாடம், தள்ளக் கூடாது என்பது. நான் இழுக்கும்போது எதிரில் இருப்பவர் கையைத் தளர்த்த வேண்டும். அவர் இழுக்கும்போது நான் தளர்த்த வேண்டும். தள்ளினால் தகடு வளைந்து மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். சரியாகத் தீட்டிய ரம்பம் தூளாக உதிர்க்காது. சேமியாவைப் போல நீள நீளமான இழைகளாக வெளியே இழுத்துப் போடும். அந்த இழையின் நீளத்தைப் பார்த்தே தீட்டியவரின் கையை மதிப்போம்.

சரிவில் கிடக்கும் மரத்தில் எந்தப் பக்கம் இறுக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் இழுப்பு இருக்கிறது என்று கணிப்பதுதான் உண்மையான வேலை. மேலிருந்து அறுக்கும்போது வெட்டு மூடத் தொடங்கினால் ஆப்பு அடிக்கிறோம். அதற்கும் மசியாவிட்டால் கீழிருந்து அறுக்க வேண்டும். போன ஜூனில் ஒரு செந்தேவதாருவை அறுக்க நால்வர் மாறி மாறி ஒரு முழுக் காலைப் பொழுதையும் செலவிட்டோம். மின்ரம்பம் என்றால் இருபது நிமிடம். ஆனால் அந்தக் காலைப் பொழுது முழுவதும், ஐம்பதடி தள்ளிப் பாறைக் குவியலில் ஒரு பிக்கா (முயலுக்கு உறவான சிறு விலங்கு) தன் குளிர்காலத்துக்கான புல்லை வாய் கொள்ளாமல் கவ்விக்கொண்டு போய்வந்தது. நாங்கள் அங்கே இருப்பதை அது பொருட்படுத்தவில்லை. தளையறு கானகம் என்று பனிமலர் அவர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது.

தேவதாரு
பதிவு 7

நான் காட்டியல் படித்தவள். ஏரிக்கரையான் அவர்கள் ஸ்னோ ஏரியையும் கோல்சக்கையும் பார்த்துவிட்டதால், ஒரே காப்பகத்தின் இரு வேறு உலகங்களைப் பார்த்திருக்கிறார். அதை அவர் கவனித்தாரா என்று அறிய ஆவல்.

பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று காஸ்கேட் முகட்டில் ஏறும்போது தன் சுமையை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. ஸ்னோக்குவால்மி கணவாயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 அங்குலம் மழையும் பனியும் பெய்கின்றன. பனிப்பொழிவை மட்டும் அளந்தால் சராசரியாக 10 மீட்டரைத் தாண்டும். முகட்டைக் கடந்து லெவன்வொர்த் போனால் அதில் ஏறத்தாழ கால் பங்குதான். ஆகவே மேற்கே ஹெம்லாக், டக்ளஸ் ஃபர், செந்தேவதாரு ஆகியவை பாசி போர்த்திய தூண்களாக நிற்க, கிழக்கே, ஒரு மணி நேரப் பயணத்துக்குள், வெயிலில் வெனிலா மணம் வீசும் பட்டையுள்ள பாண்டரோசா பைன்கள் இடைவெளி விட்டு நிற்கின்றன. பாண்டரோசாவின் பட்டைக்கு அருகில் மூக்கை வைத்துப் பாருங்கள். நண்பகலில் மணம் நன்றாகத் தெரியும்.

கோல்சக்குக்கு மேலே ஆஸ்கார்ட் கணவாயில் ஏறினால், ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில் 2,200 அடி ஏற்றம். அதைத் தாண்டிய என்சான்ட்மென்ட் படுகையில் ஆல்பைன் லார்ச் மரங்கள் இருக்கின்றன. ஊசியிலை மரமாக இருந்தும், செப்டம்பர் இறுதியில் பொன்னிறமாகி அக்டோபரில் இலை உதிர்க்கும் மரம் அது. மண்ணே இல்லாத கருங்கல் வெடிப்பில் வேர் விட்டு, பல நூற்றாண்டுகள் வாழ்கிறது. அவற்றில் சில ஓராயிரம் ஆண்டுகளையும் கண்டவை. உங்கள் முழங்கை தடிமன் உள்ள மரம் உங்கள் கொள்ளுப்பாட்டனாரைவிட மூத்ததாக இருக்கலாம். அதன்மேல் பையை மாட்டித் தொங்கவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது.

அதே உயரத்தில் வெண்பட்டைப் பைன் மரமும் வாழ்கிறது. கிளார்க் நட்கிராக்கர் என்ற பறவை அதன் விதைகளைக் கூம்பிலிருந்து கொத்தி எடுத்து, நிலத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் புதைத்து வைக்கிறது. எடுக்க மறந்தவை முளைக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த கொப்புளத் துரு நோயாலும் பட்டை வண்டுகளாலும் காட்டுத்தீயாலும் அந்த மரம் அழிந்துவருகிறது. 2022 டிசம்பரில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அதைப் பட்டியலிட்டார்கள். ஒரு நிலத்தைச் சுற்றிச் சட்டக்கோடு வரைந்தால் ரம்பம் நின்றுவிடும். துரு நோய்க்கு அந்தக் கோடு தெரியாது.

உங்கள் மகள் கேட்ட பால் விவகாரத்துக்கும் விடை சொல்கிறேன். ஏரிக்கு மேலே, கோல்சக் சிகரத்துக்கும் டிராகன்டெயிலுக்கும் இடையே ஒரு சிறு பனியாறு இருக்கிறது. அது நகரும்போது அடிப்பாறையை மாவாக அரைக்கிறது. அந்த மாவு நீரில் மிதந்து, ஒளியைச் சிதறடித்து, அந்த நிறத்தைத் தருகிறது. பனியாறு தீர்ந்துவிட்டால் காலப்போக்கில் நிறமும் தீரும். இது வெறும் கற்பனை அன்று. இதே காப்பகத்தில் ஹின்மன் சிகரத்தின் பனியாறு 1958ஆம் ஆண்டு வரைபடத்தில் ஏறத்தாழ 1.3 சதுர கி.மீ. பரப்பில் இருந்தது; 2022இல் களத்துக்குச் சென்ற ஆய்வாளர்கள் அது பனியாறாக இனி இல்லை என்று அறிவித்தார்கள். அது கிடந்த இடத்தில் இப்போது ஏரிகள் இருக்கின்றன.

வடகரை
பதிவு 8

கடைமடையான் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எய்ட்மைல் ஏரியின் கதையையும் சொல்லாமல் விட்டால் விவாதம் ஒருபக்கமாகிவிடும்.

எய்ட்மைல் அணை பல ஆண்டுகளாகப் பழுதடைந்து, கட்டியபோது தேக்கிய உயரத்துக்கு நீரைத் தேக்க முடியாத நிலையில் இருந்தது. 2017இல் ஜாக் கிரீக் தீ அந்த ஏரியைச் சுற்றியுள்ள சரிவை எரித்தது. எரிந்த மண் நீரைப் பிடித்து வைக்காது என்பதால், 2018 வசந்தத்தில் அணை உடையக்கூடும் என்று அஞ்சி நெருக்கடி நிலை அறிவித்து, அந்தக் கோடையிலேயே அவசரப் பழுதுபார்ப்பு செய்தார்கள். அதுவரை எவருக்கும் மறுப்பில்லை, ஏனெனில் கீழே மக்கள் வாழ்கிறார்கள். ஆனால் அதன்பிறகு வந்த திட்டம், பழைய முழு உயரத்துக்கும் அணையை மீண்டும் கட்டுவது. இந்த மாநிலத்தின் நீர்ச் சட்டப்படி, தகுந்த காரணமின்றித் தொடர்ந்து 5 ஆண்டுகள் பயன்படுத்தாத நீருரிமை கைவிட்டதாகும். பல பத்தாண்டுகள் தேக்காத உயரத்துக்கு இன்றும் உரிமை உண்டா என்பதே கானக அமைப்புகள் எழுப்பும் கேள்வி. அது நியாயமான கேள்வி என்பது என் துணிபு. உரிமை உடையவர்கள் அதைப் பயன்படுத்தட்டும். இல்லாத உரிமையைக் கானகத்தின் நடுவே புதிதாக வளர்க்கக் கூடாது.

கடைமடையான்
பதிவு 9

வடகரை அவர்களின் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. பாசன மாவட்டத்தின் தரப்பு வேறு: ஏரிக்கரை நிலத்தை வனத்துறைக்கு மாற்றிக் கொடுத்தபோதே அணையையும் நீரையும் பராமரிக்கும் உரிமையைப் பத்திரத்தில் தக்கவைத்துக்கொண்டோம் என்கிறார்கள். எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆகஸ்டில் அந்த நீரை விடுவிப்பதால் பயன்பெறுவது தோட்டங்கள் மட்டும் அல்ல. வாய்க்கால் தலைப்பு வரையிலாவது ஓடையில் நீர் ஓடுகிறது. அங்கே மீன்கள் இருக்கின்றன. தேவதாரு அவர்கள் சொன்ன பனியாறுகள் தீர்ந்த பிறகு, கோடை இறுதியில் ஓடைக்கு நீர் எங்கிருந்து வரும்? ஐம்பது ஆண்டுகள் கழித்து, அந்த அணைகள் வேண்டும் என்று மீனுக்காக வாதாடுபவர்களே கேட்கக்கூடும். உறுதியாகச் சொல்லவில்லை, அந்தச் சாத்தியத்தையும் மனத்தில் கொள்ளுமாறு மட்டும் கேட்கிறேன்.

தேவதாரு
பதிவு 10

மீன் என்றதும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடையில் உள்ள சால்மன் இந்த மண்ணுக்கு உரியது. மேலே மலையேரிகளில் உள்ள டிரவுட் மீன்களில் மிகப் பெரும்பாலானவை மனிதர் கொண்டுபோய் விட்டவை. பனியாறு தோண்டிய கிண்ணங்களில் தேங்கிய அந்த ஏரிகளுக்குக் கீழே அருவிகள் இருப்பதால் மீன் ஏற முடியாது; பனியாறு விலகியதிலிருந்து அவை மீனில்லாத ஏரிகளாகவே இருந்தன. அங்கே சாலமாண்டர்தான் மேல்நிலை வேட்டையாடி. மீன் வந்த ஏரிகளில் அதன் குஞ்சுகள் பாறையிடுக்குகளில் ஒளிந்து வாழ்கின்றன, அல்லது இல்லாமலே போய்விட்டன. அணை கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே நமக்கு வலிக்கிறது. தூண்டிலில் சிக்கும் மீன் அழகாக இருக்கிறது, ஆகவே அதை இயற்கை என்று எண்ணிவிடுகிறோம்.

பனிமலர்
பதிவு 11

பெயர்களைப் பற்றி இங்கே எவரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். "கோல்சக்" என்பது, இந்தக் கடற்கரையில் பழங்குடியினரும் வணிகர்களும் பேசிய சினூக் கலப்புமொழிச் சொல். "கோல்" என்றால் குளிர்; "சக்" என்றால் நீர். அதற்கு நேரான தமிழ்ச் சொல்லை நாம் நாள்தோறும் சொல்கிறோம்: தண்ணீர். தண்மை உடைய நீர்தானே அது. ஆகவே அந்த ஏரியைத் "தண்ணீர் ஏரி" என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், மொழிபெயர்ப்பில் ஒரு மாற்றுக் குறையாது.

ஐசிக்கிள் ஓடையின் பெயருக்கும் பனிக்கூருக்கும் தொடர்பில்லை. குறுகிய பள்ளத்தாக்கு என்று பொருள்படும் "நாசிகெல்ட்" என்ற பழங்குடிச் சொல் வந்தேறிகளின் காதில் அப்படி விழுந்தது என்கிறார்கள். 1908 முதல் 1931 வரை வெனாட்ச்சி தேசிய வனத்தின் மேற்பார்வையாளராக இருந்த சில்வெஸ்டர், தீயணைப்போருக்கு இடம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பெயரிட்டார். மேரி, மார்கரெட், ஃபிளாரன்ஸ் என்று வனக்காவலர்களின் மனைவியர், சகோதரியர் பெயர்களைத் தாங்கிய ஏரிகள் அப்படித்தான் வந்தன.

ஆனால் அவர் பெயர் வைக்கும் முன்பே அந்த இடங்களுக்குப் பெயர் இருந்தது. ஐசிக்கிள் ஓடை வெனாட்ச்சி ஆற்றில் கலக்கும் இடம் வெனாட்ச்சி மக்களின் மீன்பிடித் துறை. 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அந்தத் துறையை அவர்களுக்கென ஒதுக்குவதாக எழுதிக் கொடுத்தார்கள், ஒதுக்கவில்லை. அங்கே மீன்பிடிக்கும் உரிமை அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2010இல். பழைய உரிமையைப் பற்றி நாம் பேசும்போது 1920களில் நின்றுவிடுகிறோம். இன்னும் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

கடைமடையான்
பதிவு 12

பனிமலர் அவர்களுக்கு நன்றி. அந்த மீன்பிடித் துறைக்கு அருகில் இருக்கும் லெவன்வொர்த் மீன்பண்ணைக்கு மாதம் ஒரு முறையாவது குழந்தைகளுடன் போகிறேன். 1855 உடன்படிக்கை பற்றி இன்றுதான் அறிந்தேன். ஏரிகளைப் பற்றிய விவாதத்தில் அந்தப் பண்ணைக்கும் இடம் உண்டு. கிராண்ட் கூலி அணை கொலம்பியா ஆற்றின் மேற்பகுதிக்குச் சால்மன் போகும் வழியை முழுவதுமாக அடைத்ததற்கு ஈடாக 1940 வாக்கில் கட்டப்பட்டது அது. அதற்குக் குளிர்ந்த நீர் வேண்டுமென்று மேல் ஸ்னோ ஏரியின் அடியில் பாறையைக் குடைந்து, நாடா ஏரிக்குச் சுரங்கம் போட்டார்கள். (ஸ்னோக்குவால்மியில் உள்ள ஸ்னோ ஏரி வேறு, இது வேறு.) பாதையில் நடப்பவர், நாடா ஏரிக்கு மேலே மலைச்சரிவிலிருந்து நீர் பீறிட்டு வருவதைக் கண்டு அருவி என்று வியந்து படமெடுப்பார்கள்.

ஏரிக்கரையான்
பதிவு 13

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதியதைக் கண்டு நெகிழ்ந்தேன். அணையை அகற்ற வேண்டும் என்று எழுத வந்தவன் நான்; இப்போது அந்த வரியை எழுத மாட்டேன். எய்ட்மைலில் வடகரை அவர்களின் பக்கம் நிற்கிறேன்; கோல்சக்கில் கடைமடையான் அவர்களின் பக்கம். இது முரண் என்று எவருக்கேனும் தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள்.

தேவதாரு அவர்களுக்கு: கவனித்தேன், ஆனால் காரணம் தெரியாமல் கவனித்தேன். ஸ்னோ ஏரிப் பாதையில் என் காலணி காயவே இல்லை. கோல்சக் பாதையில் தூசி பறந்தது. அவ்வளவுதான் அன்று எனக்குத் தெரிந்தது.

இன்னொரு வேண்டுகோள். மகள் என்சான்ட்மென்ட் படுகையின் லார்ச் மரங்களைப் பார்க்க வேண்டும் என்கிறாள். இரவு தங்க அனுமதி கிடைப்பது எளிதா?

நெடுவழி
பதிவு 14

எளிதன்று. மே 15 முதல் அக்டோபர் 31 வரை இரவு தங்குவதற்குக் குலுக்கல் முறை. விண்ணப்பம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் நாள் வரை. நடுப்படுகைக்கு விண்ணப்பிப்பவர்களில் மிகச் சிலருக்கே கிடைக்கிறது. கிடைக்காதவர்கள் பலர் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவை ஒரே நாளில் கடக்க முயல்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையோடு அதைச் செய்யாதீர்கள். ஆஸ்கார்டில் உருளும் கற்களும், கோடையின் முற்பகுதியில் இறுகிய பனியும் அனுபவசாலிகளையே வீழ்த்தியிருக்கின்றன. ஸ்டூவர்ட் ஏரிப் பகுதிக்கோ எய்ட்மைல், கரோலின் பகுதிக்கோ விண்ணப்பியுங்கள். வாய்ப்பு கூடுதல், நடையும் குறைவு. கரோலின் ஏரிக்கு மேலே விண்டி கணவாய்ப் பக்கம் லார்ச் மரங்கள் உண்டு.

மலையாடுகள் வந்தால் குறைந்தது 50 கஜம் விலகுங்கள். அவற்றுக்கு வேண்டியது உப்பு. ஒருமுறை நான் பாறையில் கழற்றி வைத்த பையின் வியர்வை ஊறிய தோள்பட்டையை, ஒரு தாயாடு நின்று நிதானமாக நக்கித் தீர்த்தது. குட்டி அதன் வயிற்றுக்கடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பை எனக்கு எட்டும் தொலைவில்தான் இருந்தது, ஆனால் கொம்புகள் அதைவிட அருகில் இருந்தன. சிறுநீர் கழிக்க வேண்டுமானால் பாதையிலிருந்து விலகிப் பாறைமேல் கழியுங்கள். மண்ணிலோ செடியிலோ கழித்தால் உப்புக்காக அந்த இடத்தையே ஆடுகள் தோண்டிவிடும். நாய்க்கும் நெருப்புக்கும் அங்கே அனுமதியில்லை.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை ஐசிக்கிள் பாதையில் மரம் அறுக்கப் போகிறோம். பிள்ளைகள் ரம்பத்தைத் தொட முடியாது. ஆனால் அறுத்த துண்டைப் பாதையிலிருந்து உருட்டித் தள்ளலாம், வளையங்களை எண்ணலாம். மகளையும் அழைத்து வாருங்கள்.

ஏரிக்கரையான்
பதிவு 15

வருகிறோம். எண்ணுவதற்குக் குண்டூசிகள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். பத்து வளையத்துக்கு ஒன்று குத்த வேண்டுமாம். எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்கிறாள்.

நெடுவழி
பதிவு 16

செந்தேவதாருவாக இருந்தால் ஒரு பெட்டி போதும். நூறு ஊசி இருக்குமல்லவா?